கசப்பு யாருக்குச் சொந்தம்?

பட்டினப்பாக்கத்தில் செம்பருத்தி வளர்ப்பவர்களுக்கு இரண்டு எதிரிகள். முதலாவது, கடல். சாயங்காலம் அடிக்கிற உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியே இற்றுப் போகிறது, இலை எம்மாத்திரம்? இரண்டாவது, பூச்சி. எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடி மாமி கடலோடு எப்போதோ சமாதானமாகிவிட்டார். தொட்டிகளை மொட்டை மாடிச் சுவரின் மறைவுக்கு நகர்த்தி, காற்றுக்குப் பெப்பே காட்டிவிட்டார். பூச்சியோடுதான் இன்னும் யுத்தம்.

போன மாதம் துணி எடுக்க மாடிக்குப் போனபோது பிடித்துக்கொண்டார்.

‘இதைப் பாரேன். மொட்டு பூரா வெள்ளை வெள்ளையா அப்பிண்டிருக்கு. மூணு வாரமா வேப்பெண்ணெய் அடிக்கறேன். அசைவேனாங்கறது.’

‘கடையில ஏதாவது மருந்து வாங்கி அடிச்சுப் பாருங்களேன் மாமி.’

‘ஐயையோ, இந்தப் பூவைத்தான் சுவாமிக்கு வைக்கறேன். பேரன் பேத்தி வந்தா செடியிலதான் கையை வெச்சுண்டு நிக்கும். விஷமெல்லாம் வேண்டாம்ப்பா. வேப்பெண்ணெய்னா நம்மளோடது. அமெரிக்காக்காரனே அதுக்குத்தானே பேடன்ட் வாங்கினான்? அப்புறம் நாம கேஸ் போட்டு ஜெயிச்சோமே!’

மாமி மட்டுமல்ல, வேப்பிலை பற்றிப் பேச்செடுத்தால் நம்மில் பத்துக்கு எட்டுப் பேர் சொல்வது இதைத்தான். வேப்ப மரத்துக்கு அமெரிக்கா காப்புரிமை வாங்கியது. இந்தியா வழக்குப் போட்டது. ‘எங்கள் பாட்டிக்கே இது தெரியுமே’ என்றோம். ஜெயித்தோம். சுபம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், நடந்தது கொஞ்சம் வேறு. வழக்கு நடந்தது அமெரிக்காவில் இல்லை, ஜெர்மனியில். காப்புரிமை மரத்துக்கு இல்லை, எண்ணெயைப் பயன்படுத்தும் ஒரு முறைக்கு. வழக்குப் போட்டது இந்திய அரசாங்கம் இல்லை, மூன்று பெண்மணிகள். மூவரில் இந்தியர் ஒருவர்தான். எல்லாவற்றையும்விட வேடிக்கை, அந்தக் காப்புரிமைக்கும் பூச்சிக்கும் சம்பந்தமே கிடையாது. அது செடியில் வரும் பூஞ்சைக்கானது.

பாட்டி? அவர்தான் இந்தக் கதையில் ரொம்பப் பாவம். அவரைக் கடைசியில் பார்க்கலாம்.

*

முதலில் பெயர்.

நாம் வேம்பு என்கிறோம். வடக்கே நீம். ஆங்கிலத்தில் இதற்கு இன்னொரு பெயர் உண்டு, மார்கோசா. அது ஆங்கிலச் சொல்லே அல்ல. போர்த்துக்கீசிய மொழியில் ‘அமர்கோசா’ என்றால் கசப்பானது. இந்தியக் கடற்கரைகளில் கடை விரித்த போர்த்துக்கீசியர்கள் ஒரு கொழுந்தைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்து, முகம் சுளித்து வைத்த பெயராக இருக்க வேண்டும். 1520களிலேயே பட்டினப்பாக்கத்துக்குப் பக்கத்துத் தெருவான சாந்தோமுக்கு அவர்கள் வந்துவிட்டார்கள். சாந்தோம் என்ற பெயரே அவர்கள் வைத்ததுதான். அமர்கோசா சுருங்கி மார்கோசா ஆனது. 1920ல் கல்கத்தாவில் ஒரு வேப்பெண்ணெய் சோப்பு செய்து, அதற்கு மார்கோ என்று பெயர் வைத்தார்கள். நம் வீட்டுக் குளியலறைகளில் பச்சையாக வழுக்கிக்கொண்டிருந்த அதே சோப்பு. இந்த மார்கோசாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் அமெரிக்காவில் ஒரு பாட்டிலின் மேல் ஒட்டிக்கொண்டு திரும்ப வரும்.

தாவரவியல் பெயர் இன்னும் சுவாரசியம். அசாடிராக்டா இண்டிகா. பாரசீகத்தில் ‘ஆசாத் திரக்த்’ என்றால் சுதந்திர மரம். மௌலானா ஆசாத், சந்திரசேகர ஆசாத் என்கிறோமே, அந்த ஆசாத்தான். யாருக்கும் கட்டுப்படாத மரம் என்று பெயர் வைத்துக்கொண்டு பத்து வருடம் வழக்கு மன்றத்தில் நின்ற மரம் உலகில் வேறு இருக்குமா தெரியவில்லை.

நம்மவர்கள் அதை என்னவெல்லாம் செய்தார்கள் என்று பட்டியல் போட ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது. நெல் குதிருக்குள் காய்ந்த இலை. பட்டுப்புடவை மடிப்புக்குள் இலை. வயலுக்குப் புண்ணாக்கு. அம்மை போட்ட வீட்டு வாசலில் கொத்து. இதையெல்லாம் யாரும் யாருக்கும் வகுப்பு நடத்திச் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்த்தார்கள், செய்தார்கள். ஏன் என்று கேட்டால், ‘பூச்சி அண்டாது.’ அவ்வளவுதான் விளக்கம்.

ஏன் அண்டாது என்று கேட்ட முதல் ஆள்களில் ஒருவர் சலிமுஸ்ஸமான் சித்திக்கி. லக்னோ பக்கத்துக்காரர். ஃபிராங்க்ஃபர்ட்டில் வேதியியல் டாக்டர் பட்டம் வாங்கியவர், கூடவே நல்ல ஓவியர். 1942ல் வேப்பெண்ணெயிலிருந்து அதன் கசப்பைத் தனியே பிரித்தெடுத்து நிம்பின் என்று பெயர் வைத்தார். பிரிவினைக்குப் பிறகு, 1951ல் பாகிஸ்தானுக்குப் போய்விட்டார். அந்நாட்டு விஞ்ஞானத்துக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவராகி, 1994ல் கராச்சியில் காலமானார். ஆக, வேம்பின் கசப்பை முதலில் பிரித்த பெருமையை நாமும் அவர்களும் சண்டை போடாமல் பங்கு பிரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால், நிம்பின் பூச்சி விரட்டும் கதையின் நாயகன் அல்ல. நாயகனைக் காட்டிக்கொடுத்தவை வெட்டுக்கிளிகள்.

1959. சூடான். வானத்தை மறைத்துக்கொண்டு வந்த பாலைவன வெட்டுக்கிளிக் கூட்டம் ஓர் இடத்தில் இறங்கி எல்லாப் பச்சையையும் மொட்டையடித்துவிட்டுப் போனது. ஹைன்ரிச் ஷ்முட்டரர் என்ற ஜெர்மானியப் பூச்சியியல் நிபுணர் அங்கே இருந்தார். சுற்றிலும் குச்சி குச்சியாக நிற்கும் மரங்களுக்கு நடுவே ஒன்று மட்டும் இலையோடு நின்றது. வேம்பு. வெட்டுக்கிளிகள் அதன்மீதும் உட்காரத்தான் செய்தன. தின்னவில்லை, எழுந்து போய்விட்டன. மனிதர் மீதி வாழ்க்கையையே இந்த மரத்துக்கு எழுதிவைத்துவிட்டார். உலகின் முதல் சர்வதேச வேம்பு மாநாடு 1980ல் ஜெர்மனியில் நடந்ததற்கு அவர் முக்கியக் காரணம்.

மூன்று வருடம் கழித்து, 1962. இடம் டெல்லி, இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம். பிரதான், ஜோத்வானி, ராய் என்று மூன்று விஞ்ஞானிகள். வேப்பங்கொட்டைப் பருப்பை அரைத்துத் தண்ணீரில் கலக்கிப் பயிர்கள்மீது தெளித்தார்கள். இவ்வளவுதான் பரிசோதனை. நம் வீட்டு மிக்ஸியில் செய்துவிடலாம். அந்த வருடம் டெல்லிக்கே வெட்டுக்கிளிகள் படையெடுத்து வந்தன. தெளித்த பயிர்மீது உட்கார்ந்தவை வாயை வைக்கவில்லை.

இந்த 1962 ஒரு விசித்திரமான வருடம். ரேச்சல் கார்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி ‘மௌன வசந்தம்’ என்ற புத்தகத்தை வெளியிட்டு, டிடிடி போன்ற பூச்சி மருந்துகள் பறவைகளையும் ஆற்றையும் என்ன செய்கின்றன என்று சொல்லி உலகையே உலுக்கியது அதே வருடம்தான். டிடிடியின் பூச்சி கொல்லும் குணத்தைக் கண்டுபிடித்த பால் முல்லருக்கு 1948ல் நோபல் பரிசே கொடுத்திருந்தார்கள். ஆக, ஒரு பக்கம் நோபல் மருந்துக்குக் குற்றப்பத்திரிகை. இன்னொரு பக்கம், டெல்லியில் ஆட்டுக்கல் மருந்துக்கு வெற்றி. இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. நமக்கும்தான். அடுத்த சில வருடங்களில் பசுமைப் புரட்சி வந்தது. கூடவே பூச்சி மருந்து டப்பாவும் வந்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டது.

பிரதான் குழுவினர் தாங்கள் கண்டதை ‘இந்தியன் ஃபார்மிங்’ என்ற பத்திரிகையில் கட்டுரையாக எழுதினார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

அதைத் தொடர்ந்து இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் பட்டர்வொர்த், மார்கன் என்ற இருவர், வெட்டுக்கிளியைச் சாப்பிட விடாமல் தடுக்கும் அந்த ஒற்றைப் பொருளைத் தேடிப் பிடித்தார்கள். 1968. பெயர் அசாடிராக்டின். சுதந்திரத்தை விட்டுவிடாமல் பெயருக்குள்ளேயே வைத்துவிட்டார்கள் பாருங்கள்.

இந்த அசாடிராக்டின் ஒரு வினோதமான ஆசாமி. பூச்சியை அடித்துக் கொல்லாது. முதலில் பசியைக் கெடுக்கும். மீறித் தின்றால், புழு சட்டை உரித்து வளர்வதற்கு அதன் உடம்பில் ஒரு ஹார்மோன் சுரக்க வேண்டும் அல்லவா? அந்தக் கணக்கைக் குழப்பிவிடும். புழு பழைய சட்டையிலேயே மாட்டிக்கொண்டு முடிந்துபோகும். அதனால்தான் வேப்பெண்ணெய் அடித்த மறுநாள் காலை போய்ப் பார்த்துவிட்டு, ‘ஒண்ணும் ஆகலையே’ என்று உதட்டைப் பிதுக்குகிறோம். அது நிதானமாக வேலை செய்கிற மருந்து. வெயில் பட்டால் வீணாகியும் விடும்.

மனிதனால் இதைச் செயற்கையாகச் செய்ய முடியுமா? கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லே என்ற வேதியியல் பேராசிரியரின் குழு முயன்றது. இருபத்திரண்டு வருடம் ஆனது. 2007ல் எழுபதுக்கும் அதிகமான படிகள் தாண்டி ஒருவழியாகச் செய்துவிட்டார்கள். கிடைத்தது துளியூண்டு. நம் தெருமுனை வேப்ப மரம் ஒவ்வொரு ஆனி, ஆடியிலும் அதை நடைபாதையில் கொட்டிவைக்கிறது. மிதித்துக்கொண்டு போகிறோம்.

*

இனி அமெரிக்கா.

ராபர்ட் லார்சன் என்று ஒரு மர வியாபாரி. விஸ்கான்ஸின் மாநிலத்துக்காரர். 1970களின் தொடக்கத்தில் மரம் வாங்க இந்தியாவுக்கு வந்தார். வந்த இடத்தில், மக்கள் வேப்பங்கொட்டையைப் பூச்சிக்குப் பயன்படுத்துவதைப் பார்த்தார். கொஞ்சம் கொட்டையை ஊருக்கு அனுப்பினார். பத்து வருடத்துக்கும் மேலே பரிசோதனைகள். 1985ல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்துவிட்டது. காப்புரிமையும் வாங்கிக்கொண்டார். மருந்தின் பெயர் மார்கோசான்-ஓ. சாந்தோம் பக்கம் போர்த்துக்கீசியர்களிடம் கேட்ட அதே கசப்பு.

நியாயமாகப் பேச வேண்டும். லார்சன் ஒன்றும் திருடர் அல்ல. கொட்டையைக் கரைத்தால் ஓரிரு நாள்தான் தாங்கும். அதைப் பாட்டிலில் அடைத்து மாதக்கணக்கில் கெடாமல் வைப்பது எப்படி என்பதுதான் அவர் கண்டுபிடித்தது. அதற்கு உழைப்பு இருக்கிறது. ஆனால், கொட்டைக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குச் சொன்னது யார்? அந்தக் கேள்விக்குக் காப்புரிமை விண்ணப்பத்தில் கட்டம் கிடையாது.

1988ல் லார்சன் தன் உரிமையை டபிள்யூ.ஆர். கிரேஸ் என்ற ராட்சதக் கம்பெனிக்கு விற்றுவிட்டார். 1854ல் ஆரம்பித்த கம்பெனி. ஆரம்பித்தவர் அயர்லாந்துக்காரர். பெரு நாட்டில் கடற்பறவைகளின் எச்சத்தை உரமாகக் கப்பலேற்றிய வியாபாரத்தில் சம்பாதித்து, பின்னாளில் நியூயார்க் நகர மேயராகவே ஆனவர். எச்சத்தில் தொடங்கிய கம்பெனிக்கு வேப்பங்கொட்டையின் மதிப்புத் தெரியாமல் போகுமா? கர்நாடகாவில் தும்கூரில் ஓர் இந்தியக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து தொழிற்சாலை போட்டார்கள். நாளொன்றுக்கு 20 டன் கொட்டை அரைக்கும் திறன். விலை கொடுக்காமல் பொறுக்கிவந்த கொட்டைக்குத் திடீரென்று விலை வந்தது. ஏழைகளுக்கு எண்ணெய் எட்டாமல் போகிறதே என்று ஒரு சாராரும், பொறுக்கும் பெண்களுக்குக் கூலி கிடைக்கிறதே என்று இன்னொரு சாராரும் அடித்துக்கொண்டார்கள். இரண்டிலும் உண்மை இருந்தது.

கிரேஸ் கம்பெனி அடுத்து ஒரு காரியம் செய்தது. அமெரிக்க வேளாண் துறையோடு சேர்ந்து, 1990ல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் போட்டது. வேப்பங்கொட்டையிலிருந்து குறிப்பிட்ட வகையில் பிரித்த எண்ணெயைக் கொண்டு செடிகளில் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறை. 1994 செப்டம்பரில் காப்புரிமை கிடைத்தது. எண் 436257.

1995 ஜூனில் மூன்று பேர் எதிர்ப்பு மனு போட்டார்கள். இந்தியாவிலிருந்து வந்தனா சிவா. ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் பசுமைக் கட்சிகள் சார்பில், பின்னாளில் பெல்ஜியத்தின் சுகாதார அமைச்சரான மக்டா ஆல்வூட். சர்வதேச இயற்கை வேளாண்மை இயக்கங்களின் கூட்டமைப்பிலிருந்து லிண்டா புல்லார்ட். இவர்களுக்காக வாதாடியவர் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்துச் சட்டப் பேராசிரியர் ஃபிரிட்ஸ் டோல்டர்.

*

ஏன் ஜெர்மனி? ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் மியூனிக்கில் இருக்கிறது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், சட்டம். அதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும், கதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

புதிதாக இருந்தால்தான் காப்புரிமை. ஏற்கெனவே தெரிந்த விஷயம் என்றால் கிடையாது. இது எல்லா நாட்டிலும் பொது. ஆனால், ‘தெரிந்த’ என்றால் யாருக்குத் தெரிந்த?

அன்றைய அமெரிக்கச் சட்டம் இப்படிச் சொன்னது. அமெரிக்காவுக்குள் ஒருவர் பயன்படுத்தியிருந்தால், அது தெரிந்த விஷயம். வெளிநாட்டில் என்றால், அது அச்சில் வந்திருக்க வேண்டும், இல்லையேல் அங்கே காப்புரிமை பெற்றிருக்க வேண்டும். அதாவது ஒரு விஸ்கான்ஸின் விவசாயி தன் கொல்லையில் செய்தால் கணக்கில் வரும். மன்னார்குடி விவசாயி ஆயிரம் வருடமாகச் செய்தாலும் வராது, யாராவது அதை எழுதி அச்சடித்திருந்தாலொழிய. வாயால் சொல்லிக் கையால் செய்ததற்கு மதிப்பு பூஜ்யம். இந்த விதியை 2011ல்தான் திருத்தினார்கள், நடைமுறைக்கு வந்தது 2013ல்.

மஞ்சள் வழக்கு ஞாபகம் இருக்கிறதா? புண்ணுக்கு மஞ்சள் போடுவதற்கு மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையம் 1995ல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கியது. மஷேல்கர் தலைமையில் நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கவுன்சில் எதிர்த்தது. 1997ல் ரத்தானது. அங்கே ஜெயித்தது பாட்டி வைத்தியம் அல்ல. பழைய நூல்களையும் ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் தேடிப்பிடித்து, அச்சடித்த காகிதமாக மேஜையில் அடுக்கினார்கள். 1953ல் வந்த ஓர் இந்திய மருத்துவ இதழின் கட்டுரைகூட அதில் இருந்தது.

ஐரோப்பியச் சட்டம் பரவாயில்லை. எழுத்தோ, பேச்சோ, பயன்பாடோ, உலகில் எங்கே பகிரங்கமாக இருந்தாலும் அது தெரிந்த விஷயம்தான். மன்னார்குடியும் கணக்கில் வரும்.

வரும். ஆனால், நிரூபிக்க வேண்டும். எங்கே? எந்த வருடம்? எந்தச் செடிக்கு? எண்ணெயை எப்படி எடுத்தீர்கள்? எவ்வளவு கலந்தீர்கள்? யார் பார்த்தது? ‘காலங்காலமா செய்யறோம் சார்’ என்பது பதில் ஆகாது. காலங்காலமாகச் செய்கிறவர் தேதி போட்டா செய்வார்? அதிலும் வழக்கு பூஞ்சை பற்றியது. பாட்டிக்குப் பூச்சி தெரியும், பூசணம் தெரியும். குறிப்பிட்ட முறையில் பிரித்த எண்ணெய், குறிப்பிட்ட அளவு என்றெல்லாம் அவருக்கு எதற்கு?

2000 மே மாதம் மியூனிக்கில் விசாரணை. வழக்கைத் திருப்பியது ஒரு சாட்சி. அபய் பாட்கே. இந்தியாவில் வேளாண் பொருள்கள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தை நடத்திவந்தவர். கிரேஸ் கம்பெனி விண்ணப்பம் போடுவதற்குச் சில வருடங்கள் முன்பே, 1980களின் நடுவிலேயே, அதே மாதிரி வேப்ப எண்ணெயைப் பிரித்து, மேற்கு இந்தியாவின் வயல்களில் பூஞ்சைக்குத் தெளித்துப் பார்த்தவர். எங்கே, எப்போது, எப்படி என்று சொல்ல அவரால் முடிந்தது. மே 10ஆம் தேதி காப்புரிமையை ரத்து செய்தார்கள். கிரேஸ் தரப்பு மேல்முறையீடு செய்தது. அது 2005 மார்ச் 8 அன்று தள்ளுபடி ஆனது. அன்றைக்குச் சர்வதேச மகளிர் தினம். மனு போட்ட மூவரும் பெண்கள். இப்படி ஒரு தற்செயலைக் கதாசிரியன் எழுதினால் ‘ரொம்ப ஓவர்’ என்பீர்கள்.

பத்து வருடம். ஒரே ஒரு காப்புரிமை.

அமெரிக்காவில் வாங்கிய வேம்புக் காப்புரிமைகளை அங்கேயும் எதிர்த்துப் பார்த்தார்கள். அசைக்க முடியவில்லை. மாமியின் ‘நாம ஜெயிச்சோமே’வில் இந்தப் பாதி வராது.

இதற்குப் பிறகுதான் நம்மூரில் எழுதிவைக்கும் வேகம் வந்தது. பாரம்பரிய அறிவு மின்னணு நூலகம் என்று ஒன்றை மத்திய அரசு 2001ல் தொடங்கியது. ஆயுர்வேதம், யுனானி, சித்த மருத்துவ நூல்களில் இருப்பதை ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளில் பதிவு செய்து, காப்புரிமை அலுவலகங்களே பார்த்துக்கொள்கிற மாதிரி கொடுத்தார்கள். ஐரோப்பிய அலுவலகத்தோடு 2009ல் ஒப்பந்தம். நல்ல காரியம்தான். ஆனால், அதுவும் பெரும்பாலும் ஏட்டில் இருப்பதைத்தான் எடுத்தது. ஏட்டில் ஏறாத பாட்டி அங்கேயும் வாசலில்தான்.

பாட்டியிடம் போய் உட்கார்ந்து எழுதிக்கொண்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். மியூனிக் மனு போட்ட அதே 1995ல், சென்னையின் இந்திய அறிவு முறைகள் மையத்தைச் சேர்ந்த விஜயலட்சுமி, ராதா இருவரும் வந்தனா சிவாவோடு சேர்ந்து வேம்பைப் பயன்படுத்துவோருக்கு ஆங்கிலத்தில் ஒரு கையேடு கொண்டுவந்தார்கள். இலையை எவ்வளவு, கொட்டையை எவ்வளவு, எந்தப் பூச்சிக்கு என்று தெளிவாக. கோட்டூர்புரத்திலிருந்து இயங்கிவரும் அமைப்பு. பட்டினப்பாக்கத்திலிருந்து ஆட்டோவில் போய்விடலாம். கிராமங்களுக்கு இந்தக் கதையைக் கொண்டுபோனவர் நம்மாழ்வார். 1960களில் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் அரசாங்க உத்தியோகம் பார்த்து, பிடிக்காமல் உதறியவர். 2013 கடைசியில் மறையும்வரை ஊர் ஊராகப் போய் விவசாயிகளோடு தரையில் உட்கார்ந்து பேசினார்.

*

மாடிக்கு வருவோம். அரசாங்கமே சென்னைக்காரர்களை மாடித் தோட்டம் போடச்சொல்லி, 2013-14ல் தென்னை நார்க்கழிவுப் பையும் விதையுமாக மானிய விலையில் பெட்டி கொடுத்த ஊர் இது. எனவே, அளவு தெரிந்திருப்பது நல்லது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது, ஐந்து சத வேப்பங்கொட்டைக் கரைசல். வீட்டுக் கணக்கில், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் பருப்பு. இடித்து, கொஞ்சம் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, காலையில் பால் மாதிரி ஆனதும் துணியில் வடிகட்டி, ஒரு லிட்டராக்கி, துளி சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்தபின் தெளிக்க வேண்டும். சோப்பு இல்லாவிட்டால் இலையில் ஒட்டாது. இன்னொன்று, கொட்டை பொறுக்கி மூன்று மாதமாவது ஆகியிருக்க வேண்டும். எட்டு, பத்து மாதத்தைத் தாண்டவும் கூடாது. பரணில் மூன்று வருடமாக இருக்கிற கொட்டை, வெறும் கொட்டை.

‘செடிதானே, என்ன செய்துவிடும்’ என்றும் இருக்க வேண்டாம். புகையிலைக் கஷாயமும் செடிதான். அதிலிருக்கும் நிக்கோட்டின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும் கடும் விஷம், பேரப்பிள்ளைகள் விளையாடும் மாடியில் அதற்கு இடமில்லை. வேப்பெண்ணெயேகூட வாய்க்குள் போனால் வேறு கதை. மலேசியாவில் நம்மவர்கள் கைக்குழந்தைகளுக்குச் சளிக்கு என்று வேப்பெண்ணெய் புகட்டி, மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகளைப் பற்றி 1981லேயே லான்செட் மருத்துவ இதழ் எழுதியது. அதுவும் பாட்டி வைத்தியம்தான்.

மாமியின் பூச்சிக்கு ஏன் வேப்பெண்ணெய் பலிக்கவில்லை? அது மாவுப்பூச்சி. மேலே மெழுகுச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தெளிப்பது உருண்டு ஓடிவிடும். குஞ்சாக இருக்கும்போது பிடித்தால் உண்டு, முற்றிவிட்டால் சிரமம். 2008ல் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மாவுப்பூச்சி திடீரென்று கிளம்பியது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. சொந்த ஊர் மெக்சிகோ. என்ன அடித்தும் அடங்கவில்லை. கடைசியில் 2010ல் புவேர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து எறும்பைவிடச் சின்னதாக மூன்று வகைக் குளவிகளை வரவழைத்து, பெங்களூருவில் பெருக்கி, தமிழ்நாட்டுத் தோட்டங்களில் விட்டார்கள். அவை மாவுப்பூச்சிக்குள் முட்டை வைத்து உள்ளிருந்தே தின்று தீர்த்தன. அடுத்த வருடமே பப்பாளித் தோட்டங்கள் மூச்சுவிட்டன.

இதை மாமியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் மொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

‘அந்தக் குளவி இங்க வருமா?’

‘கண்டதையும் அடிக்காம இருந்தா வரலாம் மாமி. இது அதே பூச்சியான்னு சொல்ல நான் பூச்சியியல் படிக்கலை.’

‘எறும்பு வேற ஊர்றது பாரு.’

அதுதான் விஷயம். மாவுப்பூச்சி விடுகிற தித்திப்புக்காக எறும்புகள் அதைக் கண்ணும் கருத்துமாகக் காவல் காக்கின்றன. குளவி வந்தாலும் கிட்டே விடாது. இரண்டு பேருமாக மோசமான கிளைகளை வெட்டிக் கவரில் போட்டுக் கட்டினோம். மீதிச் செடியைக் குழாய்த் தண்ணீரால் வேகமாக அடித்துக் கழுவினோம். தொட்டியின் அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் ஊற்றி எறும்புக்கு அகழி வெட்டினார் மாமி. ‘நாளைக்குக் கொசு வரும், சாயங்காலமா தண்ணியை மாத்தணும்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வேப்பெண்ணெய் பாட்டிலை எடுத்து இடுக்கிக்கொண்டு கீழே இறங்கினார்.